இரும்புத் தவளையின் கடைசி ரீல்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் வெயில், மூன்று மணிக்குத் தூறல். மாவு மில்லில் கரண்டு இல்லை. கோதுமைப் பையை அங்கேயே வைத்துவிட்டுப் புதுவாயல் கூட்டு ரோட்டில் டீ.

டீக்கடை மாடியில் தகரம் தட்டுகிற சத்தம். நடுவில் ஒரு கர்ர்ர். அந்தக் கர்ர்ர் எனக்குத் தெரியும். பாதி டீயை வைத்துவிட்டு மாடி ஏறினேன்.

சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, அதில் ‘இரும்புத் தவளை’ ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி டென்ட் கொட்டகையில் நான்கு தடவை பார்த்த படம். அதற்குப் பிறகு பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியவில்லை. இரும்பு ரோலிங் மில்லில் முப்பது வருடம் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். கனவில் பார்த்தேனோ என்றுகூட நினைத்ததுண்டு.

மாடியில் பதினெட்டுப் பேர். எல்லாரும் கம்பெனி ஆட்கள். ‘ஓடாத பட மன்றம்’ என்று பெயர். தலைவர் ஸ்டீபன், வெல்டர், நாற்பது வயது இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஓடிய படத்தை மன்றத்தில் போடக் கூடாதாம். நான் பார்த்த மற்ற சட்டங்கள்:

தவளை வந்தால் டிபன் பாக்ஸ் மூடியைத் தட்ட வேண்டும்.
தவளை முதுகில் ஜிப் தெரிந்தால் எழுந்து கும்பிட வேண்டும்.
விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றினால் யாரும் மூச்சு விடக் கூடாது.

கேலி என்று நினைத்தேன். கேலிதான். ஆனால் தவளை தனியாகக் கிணற்றடியில் உட்காரும் இடத்தில் ஒரு மூடிகூடத் தட்டப்படவில்லை.

தவளை கிணற்றில் குதித்தது. படம் நின்றுவிட்டது. யார் வீட்டிலோ கிடந்த வீடியோ டேப்பிலிருந்து எடுத்ததாம். கடைசிப் பத்து நிமிடம் இல்லை. முடிவு தெரிந்த ஆளை மூன்று வருடமாகத் தேடுகிறார்கள்.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

பதினெட்டுத் தலையும் திரும்பியது.

“சொல்லு நைனா” என்றான் ஸ்டீபன்.

“சொல்ல மாட்டேன். எழுதிக்கினு வந்து படிக்கிறேன்.”

ஏன் அப்படிச் சொன்னேனோ. முதியோர் வகுப்பு முடித்து நான்கு மாதம்தான். இந்த நோட்டையும் மளிகை லிஸ்ட்டையும் தவிர எதுவும் எழுதியதில்லை. பதினேழாம் தேதி படிக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

கோதுமைப் பையை மறந்துவிட்டு வந்தேன். வீட்டில் திட்டு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புழுக்கம். ஒரு மணி நேரத்தில் ஆறு வரி. இத்தனை வருடம் இடுக்கி பிடித்த கை. பேனா வழுக்குகிறது.

முடிவு இதுதான். தவளை கிணற்றில் குதிக்கும். அடுத்து வயல். கதாநாயகன் கோட்டு சூட்டு எதுவும் இல்லாமல் ஏர் ஓட்டுகிறான். ஒரு வெள்ளை மாடு, ஒரு கறுப்பு மாடு. விஞ்ஞானி இல்லை. தவளை இல்லை. வெள்ளை மாடு திரும்பி அவனைப் பார்க்கும். கண்ணில் தண்ணீர். அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். படம் முடிந்தது.

அதாவது தவளையின் உயிர் மாட்டுக்குள் போய்விட்டது. படத்தில் யாரும் வாய் திறந்து இதைச் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டேன். மில்லில் சேர்ந்த புதிது அப்போது. பகல் முழுக்க இரும்போடு இரும்பாக நின்றுவிட்டு வந்து அதைப் பார்ப்பேன். நான்கு தடவையும் அழுதேன்.

என் வீட்டுக்காரி கன்னியம்மா எட்டிப் பார்த்தாள். “இன்னாய்யா, கிழவனுக்குப் பரிச்சையா?”

“ஆமா.”

“பாஸாவியா?”

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோதுமை அரைத்தாயிற்று. முட்டி வலி, தைலம் தீர்ந்துவிட்டது. இரண்டு பக்கம் முடிந்தது.

ஸ்டீபன் வழியில் பார்த்து, செல்போனில் படத்தின் தொடக்கத்தைக் காட்டினான். எழுத்து போடுகிற இடம். கொட்டகையில் அந்த நேரத்தில் முறுக்கு வாங்கப் போய்விடுவேன், எனக்கு எதற்கு எழுத்து. இன்று நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றாகப் படித்தேன். ‘தவளை: முனுசாமி’ என்று ஒரு வரி. உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று தெரியும். அவனுக்குப் பெயர் இருப்பது இன்றுதான் தெரியும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகம் மட்டும். மன்றத்துக்குப் போனேன். முடிவு தெரிந்த ஆள் கிடைத்த செய்தி பரவி, மணவாள நகரிலிருந்து மாணிக்கம் என்று ஒருவரை ஸ்டீபன் வரவழைத்திருக்கிறான். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அந்தக் காலத்தில் படப் பெட்டியைச் சைக்கிளில் கொண்டுபோகிற வேலை பார்த்தவர். எனக்கு ஒரே சந்தோஷம். மாட்டைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சிரித்தார். “யோவ், அது வேற படம்யா.”

அவர் சொன்னது அப்படியே:

“கவரப்பேட்ட கொட்டாயிக்கும் உங்க கொட்டாயிக்கும் ஒரே பொட்டி. அங்க ஓட ஓட நான் சைக்கிள்ல இங்க எட்த்துக்கினு வருவேன். மொத நாளே மழ. சைக்கிளு சறுக்கி, கடைசி ரீலு இருந்த டப்பா வாய்க்கால்ல உழுந்து பூட்ச்சி. ஆப்பரேட்டர் இன்னா பண்ணாரு? போன வாரத்துப் படம் ஒண்ணு திருப்பி அனுப்பாம ரூம்புல கெடந்துச்சி. அதே ஹீரோ, அதே மீச. அதோட கடைசி ரீல ஒட்டிட்டாரு. கவரப்பேட்டல படத்த எட்த்துட்டாங்க, இங்க படம் போற வரைக்கும் அதான் ஓடுச்சி.”

“யாரும் கேக்கலியாண்ணே?” என்றான் ஸ்டீபன்.

“ஒரே ஒருத்தன் கேட்டான், தவள எங்கன்னு. ஒடம்பு சரியில்ல, வரலன்னு சொல்லி அனுப்பிட்டாரு.”

“அப்போ நெஜமான முடிவு இன்னா?”

“எனக்கு எப்புடிப்பா தெரியும்? நான் சைக்கிள்ல இல்ல இருந்தேன்.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாற்பது வருடமாக ஓர் ஆபரேட்டர் தடவிய பசைக்காக அழுதிருக்கிறேன். எழுதியது மூன்று பக்கம். அதற்கு மேல் எழுதவில்லை. வர மாட்டேன் என்று ஸ்டீபனுக்குப் போன் செய்துவிட்டேன்.

கீரைக்காரி வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

சாயந்தரம் நல்ல மழை. முதல் ஷிஃப்ட் முடிந்து ஸ்டீபன் நனைந்துகொண்டே வந்தான். கன்னியம்மா துண்டு கொடுத்துவிட்டுத் தோசை வார்க்கப் போனாள்.

“இன்னா நைனா, பேஜாரு பண்ற. நோட்டீஸ்லாம் ஒட்டிட்டேன்.”

“அது அந்தப் படத்தோட முடிவு இல்லப்பா. பொய்ய எப்புடிப் படிக்கிறது?”

“ஜிப்பு வெச்ச தவளயப் பாத்து மூணு வருசமா கும்புட்டுக்கினு கீறோம். எங்ககிட்ட வந்து பொய், நெஜம்ன்ற.” தலையைத் துவட்டினான். “யோசிச்சிப் பாரு நைனா. தவள, அப்பறம் மாடு. இந்தப் படம் உங்க கொட்டாய்ல மட்டுந்தான் ஓடுச்சி. ஒலகத்துல வேற எங்கியும் ஓடல. இதவிட ஓடாத படம் ஒண்ணு எனக்குக் காட்டு, பாக்கலாம்.”



அடுப்படியிலிருந்து கன்னியம்மா: “மாடு அழுதுச்சா, இல்லியா?”

“அழுதுச்சி.”

“அப்போ எழுதித் தொலை. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நாலு நாளா ஊட்டுல பாக்க சகிக்கல.”

மூன்று நாள்தான். சொல்லவில்லை.

ஸ்டீபன் ஏழு தோசை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில். முதியோர் வகுப்பு நடந்த அறையின் ஜன்னலுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

முதலில் இருந்து மறுபடி எழுதினேன். இப்போது வாய்க்காலும் இருக்கிறது, சைக்கிளும் இருக்கிறது, பசையும் இருக்கிறது. எதையும் மறைக்கவில்லை. அதற்குப் பிறகும் மாடு அழுகிறது. ஆறு பக்கம்.

ஆகஸ்ட் 16, சனி

கன்னியம்மாவிடம் படித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் குறட்டை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழை இல்லை. மாடி நிறைய ஆள், படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தோளிலும் தவளைப் பச்சையில் துண்டு. எனக்கும் ஒன்று போட்டார்கள். தவளை கிணற்றில் குதித்ததும் விளக்கைப் போட்டு என்னைக் கூப்பிட்டான் ஸ்டீபன்.

முதல் வரிக்கே ரொம்ப நேரம். ‘கொட்டகை’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன், நானே எழுதிய சொல். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று. நானாகவே தாண்டினேன்.

பக்கம் திருப்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: “இருங்கடா, ஆப்பரேட்டர் ரீலு மாத்துறாரு.” சிரிப்பு. அதற்குப் பிறகு பயம் குறைந்தது.

சைக்கிள் வாய்க்காலில் விழுந்த இடத்தில் மாணிக்கம் எழுந்து நான்கு பக்கமும் கும்பிட்டார். மூடியெல்லாம் தட்டினார்கள், கீழே டீக்கடைக்காரர் சத்தம் போடும் வரை.

மாடு வந்தது. தட்டவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். நான் கடைசி வரியைப் படித்து முடித்து நோட்டை மூடினேன்.

பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். மன்றத்து ஆள் ஒருவனின் தாய். பழவேற்காட்டுப் பக்கம், நண்டு வியாபாரம். மகன் அழைத்து வந்திருக்கிறான்.

“நானும் பாத்தேன்ணே. அதே கொட்டாய்ல. எங்க சித்தி ஊட்டுக்கு வந்தப்போ. தவள மாடாப் பூட்ச்சின்னு ஊர்ல போய்ச் சொன்னா, எனக்குப் புத்தி சரியில்லன்னாங்க.”

கேட்டேன். “மாடாச்சின்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?”

“யாரு சொல்லணும்? அந்தப் பார்வ தவளையோட பார்வ. பாத்தாத் தெரியாதா?”

மாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

“ஆனா ஒண்ணுண்ணே,” என்றார் அந்த அம்மா, “நீங்க வலது கண்ணுல தண்ணின்னு படிச்சீங்க. அது எடது கண்ணு.”

இல்லை என்றேன். ஆமாம் என்றார். மன்றம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு மணி நேரம் சண்டை, இரண்டு தடவை டீ. மாணிக்கத்தைக் கேட்டார்கள். அவர்தான் சைக்கிளில் இருந்தாரே. பஸ் ஏறும்போதும் அந்த அம்மா ஜன்னல் வழியாக இடது கண்ணைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

வலது கண்தான். நான் தரை டிக்கெட், முதல் வரிசை.