நீ சொல்லாத பெயர்

நேற்று எங்கள் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ உன் பாட்டைப் போட்டிருந்தார்கள். இஞ்சி தட்டிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டுக் கேட்டேன். உன் குரல்தான். இரண்டாம் சரணத்தில் கேசட் நாடா இழுபடும் இடம்கூட அப்படியே இருந்தது. கீழே, 'பழைய பாடல், பாடியவர் யாரெனத் தெரியவில்லை' என்று ஒரு வரி. உன் பெயரை எழுதி அனுப்பினேன். சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். அந்த இழுவை எந்த டேப் ரெக்கார்டரில் விழுந்தது என்பதை மட்டும் நான் எழுதவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். ஞாயிறு பூசையில் நீ பாடினால், வழக்கமாக வெளியே மரத்தடியில் நிற்கும் ஆண்கள்கூட உள்ளே வந்துவிடுவார்கள். நீயே எழுதி மெட்டமைத்த மாதா பாடல்களை மதுரைக் கம்பெனி ஒன்று கேசட்டாகப் போட்டது. பாதியை நீயே விற்றுக் கொடுக்கவேண்டும் என்பது பேச்சு. மானகிரியில் உன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பெட்டிகள் வந்து இறங்கின.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி சிங்கப்பூரிலிருந்து இரண்டு கேசட் போடும் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தான். முதலில் நாத்தனாருக்கு உன் பாட்டைப் பதிந்து கொடுத்தேன். அவள் சொல்லி இன்னொருத்தி வந்தாள். பிறகு வெற்றுக் கேசட்டோடு கண்டனூரிலிருந்தும் புதுவயலிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். காசு வாங்கவில்லை, அதனால் தப்பு என்றே தோன்றவில்லை. என் சிநேகிதியின் பெயரை ஊரெல்லாம் கொண்டுபோகிறேன் என்று பெருமையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை நீ வந்தபோது டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று வேகமாகப் பதியும் பொத்தானை அமுக்கியிருந்தேன். உன் குரல் கீச்கீச்சென்று வந்தது.

"இது நானா? அணில்புள்ள மாதிரில கத்துறேன்" என்று சிரித்தாய். மேசையில் என் கையெழுத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிய கேசட்டுகளைப் பார்த்ததும் உன் சிரிப்பு நின்றது.

"இம்புட்டுப் பேரா கேட்டாக?"

"ஆமாடி. ஒனக்கு நல்லதுதான? பேரு பரவும்ல."

"பேரு பரவட்டும். அடுத்த கேசட்ட யாரு போடுவா?"

அதற்குமேல் நீ கோபப்படவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனாய். நான் அன்றே நிறுத்தினேன். ஆனால் நான் கொடுத்தவை அதற்குள் குட்டி போட்டுவிட்டன.

கோடை விடுமுறையில் கம்பெனிக்காரர் மதுரைக்கு வரச்சொன்னார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனாய். அவர் நல்ல மனிதர்தான், அன்றைக்கு வெறுத்துப்போய் இருந்தார்.

"உங்க பக்கம் சரக்கே நகரலை. வீட்டுக்கு வீடு பாட்டு மட்டும் கேக்குதாம்" என்றார்.

நீ ஒரு யோசனை சொன்னாய். "ஒரிஜினல் வாங்க மதுரைக்கு வரணும், இல்லாட்டி எங்க வீட்டுக்கு வரணும். காப்பி அடுத்த தெருவுலயே கெடைக்குது. காப்பி பண்ற கடைகள்லயே நம்ம கேசட்ட வச்சு, வெலையும் கிட்டத்தட்ட அதே மாதிரி வச்சீகன்னா சனம் இதத்தான் வாங்கும். திருடணும்னு யாருக்கும் ஆசையில்லைங்க."

"அந்த வெலை எங்களுக்குக் கட்டாதும்மா. போலீஸ்ல ஒரு மனு குடுப்போம். நாலு பேரப் புடிச்சா மத்தவன் பயப்படுவான். யாரு பதியிறதுன்னு தெரியுமா? பேரச் சொல்லுங்க."

நான் உன் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். என் முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தேன்.

"தெரியாதுங்க" என்றாய்.

பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்குச் சொல்லும் சின்னப் பொய்யைக்கூடப் பொறுக்காதவள் நீ. என் பக்கம் திரும்பாமலே அதைச் சொன்னாய். 'நான்தான்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பெரிதாக எதுவும் நடந்திருக்காது. ஆனாலும் சொல்லவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, இரண்டாவது கேசட்டைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை.

திரும்பும் பஸ்ஸில் உப்பு தடவிய கொய்யாப்பழம் வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாய். மேலூர் தாண்டும்வரை நான் அதைக் கடிக்கவில்லை. "தின்னுடி, உப்பு கரைஞ்சிரும்" என்றாய். அதன் பிறகு நீ இருந்த அத்தனை வருடத்தில் ஒரு தரம்கூட நீ அந்த நாளைப் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பாட்டைத் திருடுகிறவர்களை என்ன செய்வது என்று இப்போதும் பெரிய ஆட்கள் கூடிப் பேசுகிறார்கள். நீ அன்று சொன்னதைத்தான் அவர்களும் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் வாய் திறக்க நான் தகுதி இல்லாதவள்.

இரண்டாவது கேசட்டுக்கென்று நீ கட்டிய பாடல்களை என் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே பாடிக் காட்டுவாய். அவற்றை எதிலும் நாம் பதியவில்லை. பைபிளில் வரும் கானாவூர்க் கலியாணத்தில் மாதா, திராட்சை ரசம் தீர்ந்ததை யாருக்கும் தெரியாமல் மகனிடம் சொல்வதைப் பற்றி ஒன்று உண்டு. அதன் பல்லவி எனக்கு முழுதாகத் தெரியும். சரணத்தில் முதல் அடி தெரியும். அடுத்த அடிக்கு மெட்டு மட்டும் இருக்கிறது, சொல் இல்லை. கேட்டுக்கொள்ள நீயும் இல்லை. எனக்கு ராகம் நிற்காது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் விடிந்ததும் ஒரு தரம் முணுமுணுத்துக்கொள்கிறேன், இருக்கிறதும் போய்விடக் கூடாதே என்று.