சமையலறைச் சுவரும் ஃபெர்னானும்

கிரெனோபிள், நவம்பர்

அன்புள்ள நோல்வென்,

உன் முதுகுவலி தேவலையா? அப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் நலம். மாடியில் பூச்சு வேலை முடிந்துவிட்டது. கீழே சமையலறைச் சுவரை இடித்தால்தான் மாடிக்குக் குழாய் போகும். ஆனால் வீட்டை நமக்கு விற்ற ஃபெர்னான் கிழவர் சாகும்வரை கீழ்த்தளம் அவருடையது என்ற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவனே நான்தானே! வேலை முடிந்து வீட்டை விற்றால்தான் நான் ஊருக்கு வர முடியும்.

செவ்வாய்க்கிழமை அவர் படியில் மயங்கி விழுந்துவிட்டார். பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை. டாக்டரைக் கூட்டிவந்தேன், வெங்காய சூப் வைத்துக் கொடுத்தேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"முட்டாப்பயலே, பேசாம விட்டிருந்தா இந்நேரம் சுவத்த இடிச்சிட்டுப் பொண்டாட்டிகிட்ட ஓடியிருக்கலாமே!"

"சூப்பக் குடிங்க பெரியவரே, ஆறுது" என்றேன்.

அவரைத் தூக்கக் குனிந்தபோது, ஒரு நொடி உன் முகம் கண்முன் வந்து நின்றது நோல்வென். அப்புறம்தான் தூக்கினேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்பு. ஒன்று அவருக்கு. கெட்டியாகவே பின்னு, பல குளிர்காலம் தாங்கட்டும்.

உன் ரோனான்