எடை போதவில்லை

4 மார்ச் 2025, செவ்வாய்

டவுன்ஷிப்பில் பிளாக் பத்தொன்பது பக்கம் மின்கம்பியில் அடிபட்டு ஒரு தாய்க்குரங்கு செத்துவிட்டது. குட்டி அதன் வயிற்றைப் பிடித்தபடியே கிடந்ததாம். ஆண். பத்து நாள் இருக்கும். 400 கிராம். வலது உள்ளங்கையில் தீக்காயம். கழுவி மருந்து போட்டேன்.

இரண்டு மணிக்கொரு தடவை சிரிஞ்சில் பால் கொடுக்க வேண்டும். வேறு யார் செய்வார்கள்? கூடையில் வைத்து வடக்குத்து கிராமத்தில் இருக்கும் என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். எங்கள் சரணாலயத்தில் குரங்குகளுக்குப் பெயர் வைக்கக்கூடாது, வரிசை எண் மட்டும்தான். நான் போட்ட விதிதான். ஆகவே இவன் நாற்பத்தேழு.

5 மார்ச்

தூக்கம் போச்சு. எரிச்சலே வரவில்லை. எனக்கா?

8 மார்ச், சனி

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெண் குரங்கு வந்தது. தொடையில் நாய்க்கடி; அதன் குட்டியை நாய்கள் கொன்றுவிட்டன. தையல் போட்டேன். பால் கட்டி மார்பு வீங்கியிருக்கிறது.

குரங்குகளுக்குத் தீனி வைக்கும் செங்கமலத்துக்கு ஒரே சந்தோஷம். "ஒண்ணு பாலுக்கு அலையுது, ஒண்ணு பாலை வச்சிகினு அழுவுது. சேத்து வுட்டா ஆச்சுங்களே டாக்டரம்மா!"

450 கிராம் வரட்டும், சேர்ப்போம் என்றேன்.

11 மார்ச்

என் கழுத்துக்குழியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்குகிறான். விவாகரத்துக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் என்னைத் தொட்டதில்லை. வேலையிடத்தில் நான் பேசுவதெல்லாம் "பிடி", "விடு", "ஊசி எடு". இவனிடம் வளவளவென்று பேசிக்கொண்டிருக்கிறேன் — மைன்ஸ் தூசி, தண்ணீர் வராதது, அம்மா போனை எடுக்காதது எல்லாம்.

12 மார்ச், புதன்

455 இருந்தான். எடை அட்டையில் 430 என்று எழுதினேன்.

தராசு பழசு, கூடக் காட்டும். யாரிடம் விடுகிறாய் இந்தக் கதையை?

14 மார்ச், வெள்ளி

வேலைக்கு அவனையும் கூடவே கொண்டுபோகிறேன்; செங்கமலம் அவளாகவே எடை போட்டுப் பார்த்திருக்கிறாள். அட்டையை என் முன்னால் நீட்டினாள்.

"நான் வச்சப்ப நானூத்தி எழுவது காட்டுச்சுங்க."

தராசைக் குறை சொன்னேன். அவள் விடவில்லை. "அந்தப் பொட்டைக்கு மாரு வத்திகினு வருதுங்க. இன்னும் ரெண்டு நாள் போனா பால் நின்னுடும். நீங்களே வளக்கறதுன்னா சொல்லிடுங்க, எனக்கென்ன."

"எனக்குத் தெரியும், நீ போ!" என்று கத்திவிட்டேன். ச்சே! அவள் சொன்னதில் என்ன தப்பு?

எனக்கு மட்டும் யாரு இருக்கா? யாரும் இல்ல. சரி. அதுக்கு இவன் என்ன பண்ணுவான்? பெருசானா கடிப்பான், ஊரே அடிக்க வரும், கூண்டுலயே கிடந்து சாவான். எத்தனை வளர்ப்புக் குரங்கோட இடுப்புல சங்கிலிப் புண்ணைக் கழுவியிருக்கேன். தெரிஞ்சுகிட்டே பண்றேனே —

15 மார்ச், சனி

காலையில் அவனை அந்தப் பெண் குரங்கின் கூண்டுக்குள் விட்டோம். என் துப்பட்டாவை விட மாட்டேன் என்றான். விரல் விரலாகப் பிரித்தெடுத்தேன். வீறிட்டான். அந்தப் பெண் குரங்கு மூலையைவிட்டு அசையவில்லை. பத்து நிமிஷம். போதும், எடுத்துவிடலாம் என்று எழுந்தேன். செங்கமலம் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பிறகு அது நொண்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தது. ஒரே இழுப்பில் வயிற்றோடு சேர்த்துக்கொண்டது. குடித்தான்.

இனி நான் அந்தப் பக்கம் போகக்கூடாது. அவனுக்கு மனுஷ வாசனை மறக்க வேண்டும். செங்கமலம்கூடத் தீனியை வைத்துவிட்டு உடனே வந்துவிடுவாள்.

16 மார்ச்

மிச்சமிருந்த பால் பவுடரில் டீ போட்டேன். சகிக்கவில்லை. குடித்தேன்.

2 ஏப்ரல்

"நல்லா இருக்கான்" என்றாள் செங்கமலம், நான் கேட்காமலே.

19 ஆகஸ்ட், செவ்வாய்

குடற்புழு மருந்து கொடுக்க எல்லாவற்றையும் பிடித்தோம். ஐந்து மாதம் கழித்து அவனைக் கிட்டத்தில் பார்க்கிறேன். என்னைக் கண்டதும் அலறினான். வலைக்குள் கை விட்டேன். கையுறையோடு சேர்த்துக் கடித்தான். ஆள்காட்டி விரலில் நல்ல ரத்தம்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு ஊசி போடப் போனேன். சீட்டு எழுதின நர்ஸ் நிமிராமலே கேட்டாள்: "வீட்ல வளர்த்ததுங்களா, வெளிக்குரங்கா?"

"வெளிக்குரங்கு" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.