சுறா பார்க்கப் போன பயணம்

செவன் கிங்ஸ், லண்டன்
04.08.2024

அன்புள்ள ராஜலட்சுமி மச்சாளுக்கு,

துசியந்தி எழுதுவது. போனில் கதைத்தால் உங்கள் தம்பி பக்கத்தில் இருந்து கேட்பார். அதனால் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் என் சினேகிதி பிறேமினியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

ஏப்ரல் முதல் இவரில் எனக்குச் சந்தேகம். பஸ் ஓட்டப் போவதாகச் சொல்லிக் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிடுவார். பிறேமினி செவ்வாய்க்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோவிலில் பூக்கட்டுகிறவள். இவரை அங்கே கண்டிருக்கிறாள். "அண்ணை மத்தியானம் வரைக்கும் அங்கைதான் இருக்கிறார். ஒவ்வொரு கிழமையும் காணுறன்" என்றாள். இவரைக் கேட்டால் ஷிப்ட் மாறிவிட்டதாம். தபாலில் ஏதும் வந்தால் என் கைக்கு முன் அவர் கை போகும். வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்று அவருடைய சேர்ட்டுகளை முகர்ந்துகூடப் பார்த்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

இப்படியிருக்க, ஜூலையில் ஒருநாள், படுக்கையும் அடுப்பும் உள்ள பெரிய வான் ஒன்றை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றுவோம் என்றார். இருபத்து மூன்று வருடத்தில் சவுத்எண்ட் கடற்கரைக்கு அப்பால் எங்களைக் கூட்டிப்போகாத மனிதர்! அவர் பார்க்க விரும்பிய இடங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டுக் கூரையில் தலைகுத்தி நிற்கும் சுறா. தெருவோரத்தில் காலில் போடும் சப்பாத்து மாதிரிக் கட்டிய வீடு. ஒரு பெற்றோல் ஷெட் வாசலில் பச்சை டைனோசர். "அப்பாவுக்கு என்ன நடந்தது?" என்று மேனுஷா என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

வானை என் பெயரில்தான் எடுத்தார். ஓட்டவும் என்னைத்தான் விட்டார். லூயிஷாம் சிவன் கோவிலுக்கு நான் கார் கொண்டுபோனாலே "பிறேக்கைப் பிடி" என்று கத்துகிறவர், அந்தப் பெரிய வானை நான் ஒடுங்கிய பாதையில் பின்னுக்கு எடுத்தபோது வாய் திறக்கவில்லை.

சுறாவின் முன்னால் எல்லாரும் ஒரு படம் எடுத்துவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் தலையை மெல்ல மெல்லத் திருப்பி, துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரையோ சந்திக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் சுற்றிவரத் தேடினேன். சப்பாத்து வீட்டைச் சுவர் சுவராகத் தடவிப் பார்த்தார். அங்கும் ஒருத்தியும் வரவில்லை.

டைனோசரடியில்தான் பிடிபட்டது. அவருடைய இடப்பக்கம், ஓரடி தள்ளி, ஐஸ்கிரீமை நீட்டிக்கொண்டு நின்றேன். அது உருகிக் கையில் வழிந்தது. அவர் திரும்பவில்லை. நேரே பார்த்தபடி, "துசி, எங்கை போயிட்டாய்?" என்று கூப்பிட்டார். நல்ல வெயில், மச்சாள்.

மேனுஷா கடைக்குள் நின்றாள். இவரை வானுக்குள் கூட்டிவந்து இருத்திக் கேட்டேன்.

"ஓம். பக்கத்தாலை வாறது ஒண்டும் தெரியேல்லை. மார்ச்சிலை கண் டெஸ்டிலை பிடிபட்டது. பஸ் வேலையை விட்டிட்டன். சனத்தை ஏத்திக்கொண்டு அப்பிடி ஓட ஏலுமே?" என்றார். தெரிகிற கொஞ்சமும் சிறுத்துக்கொண்டு வருகிறதாம். "பெரிசா, சிரிப்பு வாற சாமானாப் பாத்து வைப்பம் எண்டு நினைச்சன். உன்னோடையும் பிள்ளையோடையும்" என்றார்.

நான் அழுதேன். இன்னொருத்தி இல்லை என்ற ஆறுதலிலும் கொஞ்சம் அழுதேன். அதையும் உங்களுக்கு ஒளிக்கவில்லை. பிறகுதான், இது பரம்பரையாக வருகிற கண் வருத்தம் என்று டொக்டர் சொன்னதைச் சொன்னார். "அப்பாவுக்கு வந்த மாதிரித்தான்" என்றவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் கலியாணப் பேச்சின்போது, மாமாவின் கண் சண்டைக்காலத்தில் ஷெல் விழுந்து போனது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மச்சாள், அது ஷெல்தானா?

கோபத்தில் கேட்கவில்லை. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் இவரைத்தான் கட்டியிருப்பேன் என்று எழுத ஆசை. அது பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் இப்போது இவரை விட்டு எங்கும் போகமாட்டேன். அது பொய்யில்லை.

செப்டெம்பரில் மேனுஷாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போகிறேன். குடும்பத்தில் யார் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று கேட்பார்கள். தம்பியைக் காப்பாற்றுவதாக நினைத்து இன்னும் ஒன்றையும் மறைக்காதீர்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. கார் பழகத் தொடங்கியிருக்கிறாள். இரவில் படி இறங்கும்போது சுவரைப் பிடிக்கிறாள். முந்தியும் பிடித்தாளா என்று எனக்கு ஞாபகமில்லை.

போன மாதம் வீடியோவில் கதைத்தபோது, நீங்களும் என் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்ததைக் கண்டேன். அதனால்தான் எழுத்துகளை இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறேன். பதில் எழுதச் சிரமம் என்றால் பிறேமினியிடம் சொல்லுங்கள், அவள் எழுதிக்கொண்டு வருவாள்.

முருகன் உங்களையும் எங்கள் பிள்ளையையும் கைவிடாமல் இருக்கட்டும்.

உங்கள் அன்பு மச்சாள்,
துசியந்தி