கதவுக்குக் கட்டிய வீடு

உம்மா,

காலையிலிருந்து வீடு முழுக்க முதிரை மரச் சீவல் மணக்கிறது. நிலத்துக்கு மாபிள் பதித்ததிலிருந்து முன்வாசல் கதவு உரசத் தொடங்கிவிட்டது. மரவேலை ஓடாவியார் அதைக் கழற்றி, வளவில் படுக்க வைத்து, அடியைச் சீவிக்கொண்டிருக்கிறார். சற்று முன்னர் நிமிர்ந்து பார்த்து, "ஊட்ட விடக் கதவு பெரிசா இரிக்கே புள்ள, ஆரு அளவு குடுத்த?" என்று கேட்டார். வீடு இல்லாத காலத்தில் வாங்கிய கதவு என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

அந்த நேரம்தான் மதிலுக்கு அப்பால் இருந்து மைமூனா மாமி கூப்பிட்டார். அவருடைய மகன் கத்தாரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். முகமெல்லாம் வெளிச்சம். "ரியால் ஏறிட்டாம் புள்ள, அல்ஹம்துலில்லாஹ்." ரூபாயைத் தாங்கிப் பிடித்திருந்த அரசாங்கம் மறுபடியும் கையை விட்டுவிட்டது என்று நேற்றே செய்தியில் சொன்னார்கள். நாட்டின் காசு விழுந்த செய்திக்கு அல்லாஹ்வைப் புகழும் தெரு நம்முடையது. மாமியோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. சீவல் மணம் என்னைப் பழைய கொட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டது.

கடல் வாப்பாவையும் வீட்டையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்ட பிறகு நமக்குக் கிடைத்த தகரக் கொட்டில் அது. கரையில் இருந்த நம் காணியில் இனிக் கட்டக்கூடாது என்றார்கள். மாற்றுக் காணி வயல் பக்கமாகக் கிடைத்தது, வெறும் மண். நம் ஊரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க முதலில் வீடு வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவான். வாப்பா மௌத்தான பெண், கடல் கொண்டுபோன வீடு என்று ஊர் யாருக்கும் சலுகை தருவதில்லை. விதவை இருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் நீங்கள் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனீர்கள். பெண்கள் தனியாகப் பயணம் போவது பற்றிப் பள்ளிவாசலில் நீண்ட பயான் நடந்தது. பயான் செய்தவர்கள் யாரும் ஒரு கல் கொண்டுவந்து தரவில்லை.

நீங்கள் ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பிய ரியால் தாள்களை மாமா வைத்திருந்தார். அவரைப் பற்றி நான் குறைவாகச் சொல்லமாட்டேன். தங்கை உழைத்த காசில் ஒரு தேத்தண்ணி குடிக்காத மனிதர். ஊரே செய்த பிழையைத்தான் அவரும் செய்தார்: ரேட் ஏறட்டும் என்று காத்திருந்தார். மற்ற ஊர்களில் மழையைப் பற்றிக் கதைப்பது போல நம் ஊர்க் கடைகளில் ரியால் ரேட்டைப் பற்றிக் கதைப்பார்கள். "இன்னம் கொஞ்சம் பொறுப்பம்" என்பது அவர்களுக்கு ஒரு தொழில் மாதிரி.

யுத்தம் காசைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. அரசாங்கம் கையிலிருந்த டொலரை விற்று ரூபாயைத் தூக்கிப் பிடித்தது. ரூபாய் பலமாக நிற்கிறது என்று அமைச்சர்கள் தொலைக்காட்சியில் சொன்னார்கள். ரேட் நின்றதென்னவோ உண்மைதான். சீமெந்து நிற்கவில்லை. கம்பி நிற்கவில்லை. அரிசி நிற்கவில்லை. மாமா காத்திருந்த விலை அசையாமல் கிடக்க, வீட்டுக்குத் தேவையான ஒவ்வொன்றின் விலையும் மாதத்துக்கு மாதம் எழும்பிப் போனது. நான் அப்போது உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் படித்தது பாண்டிருப்புச் சந்தி இரும்புக் கடையின் விலைப் பலகையில் தெரிந்தது.

எஜமானி தூங்கும் நேரம் பார்த்து நீங்கள் டெலிபோன் கோல் எடுப்பீர்கள். ஒரு நாள் மாமா சொன்னதையே எனக்கும் சொன்னீர்கள், பொறுத்தால் ரியால் ஏறுமாம் என்று. எனக்கு ஆத்திரம் வந்தது.

"ரியால் எங்கயும் ஏறல்ல உம்மா. அது நிண்ட இடத்திலதான் நிக்கிது. நம்மட காசிதான் கீழ போகுது. ரேட்ட மட்டும் அரசாங்கம் புடிச்சி வெச்சிருக்கி. சாமான்ட வெலய ஆரும் புடிக்கல்ல."

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயைப் பூட்டினீர்கள்.

"அப்ப நான் இங்க கழுவுற கோப்பைக்கு அங்க வெல கொறயுதா?"

"ஓம்."

கோப்பை ஒன்றைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, சந்தைக்குப் போகச் சொல்வது போலச் சொன்னீர்கள்: "அப்ப காசி வெக்காதே. கதவ வாங்கு."

செவரில்லாமல் கதவா என்று கேட்டேன். சீமெந்தை வாங்கி வைத்தால் இறுகிப் போகும், கம்பி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்றீர்கள். "முதிரைக்கு ஒண்டும் வராது மகள். ஒரு மந்திரியாலயும் அதக் கொறைக்க ஏலா."

மாமா தலையில் கை வைத்தார். நீங்கள் வெயிலில் கிடந்து பித்துப் பிடித்துவிட்டதாகச் சொன்னார். ஆனாலும் போனார். மரத்துக்குப் பெர்மிட், வழியெல்லாம் சோதனைச் சாவடி, ஒவ்வொன்றிலும் இறக்கி ஏற்றி, நாலு கதவும் நாலு நிலையும் உழவு மெசினில் வந்து சேர்ந்தன. கொட்டிலில் பாதி இடத்தை அவை பிடித்துக்கொண்டன. மீதியில் நானும் உங்களைப் பெற்ற மூத்தம்மாவும் படுத்தோம். வரிசையில் இருந்த கொட்டில்காரர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. "கதவு வந்திட்டு, ஊடு எந்தக் கப்பல்ல வருகிது?" என்று கேட்டார்கள். கதவைத் தட்டிவிட்டு "ஊட்டுக்காரர் இரிக்காங்களா?" என்று கூப்பிடுவார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களிடம் சொன்னபோது, "சிரிக்கிறவங்கள்ட ரியால் எங்க இரிக்கெண்டு கேளு" என்றீர்கள். நான் கேட்டேன். சிரித்தவர்களில் பாதிப் பேர் ரேட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

ஒரு கட்டத்தில் பிடித்து வைக்க அரசாங்கத்திடம் டொலர் மிஞ்சவில்லை. ரூபாய் சரிந்தது. மாமா மீதி ரியாலை எடுத்துக்கொண்டு பஸாருக்கு ஓடினார். தடித்த கட்டோடு, பெருநாள் முகத்தோடு திரும்பி வந்தார். அடுத்த நாள் அந்தக் கட்டோடு இரும்புக் கடைக்குப் போனார். வந்து, படுக்க வைத்திருந்த கதவின் ஓரத்தில் உட்கார்ந்தார். "கூடக் காசி," என்றார். கொஞ்சம் கழித்து, "கொறையச் சாமான்," என்றார். பிறகு கதவைக் கையால் தடவிப் பார்த்தார். அதன் பிறகு உங்களைப் பற்றி அவர் பித்து என்று சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த கிழமை கல்முனைத் தெருவில் பட்டாசு, கொடி, பாற்சோறு. இனி எல்லாம் மலியும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். யுத்தத்துக்காகத்தான் வரி என்றவர்கள், யுத்தம் முடிந்த பிறகு அந்த வரியை என்ன செய்தார்கள் என்று சொல்லவில்லை. பிறகு பாதைக்குக் கடன், துறைமுகத்துக்குக் கடன். கடனை அடைக்க வெளிநாட்டுக் காசு வேண்டும். வெளிநாட்டுக் காசுக்கு உங்களைப் போன்றவர்கள் வேண்டும். விமான நிலையத்தில் உங்களைப் போன்றவர்களை "நாட்டின் வீராங்கனைகள்" என்று எழுதி வைத்திருந்தார்கள். நீங்கள் அதைக் கடந்து வந்தபோது உங்கள் விரல் நுனிகள் குளோரின் தின்று வெளுத்திருந்தன.

நீங்கள் வந்த பிறகுதான் அத்திவாரம் போட்டோம். எல்லோரும் வீட்டுக்குக் கதவு செய்வார்கள். நாம் கதவுக்கு வீடு கட்டினோம். நிலைகளின் உயரத்துக்குச் சுவர் எழும்பியது. கதவு நாலு என்பதால் அறையும் அதற்கேற்ப அமைந்தது. மேசன்மார் புறுபுறுத்தார்கள். நீங்கள் மண்ணில் நின்றுகொண்டு, "கதவு முந்தி வந்தது, அதுக்கு மரியாத குடுங்க" என்று அவர்களை ஏவினீர்கள். இதைச் சீதனம் என்று சொல்லாதீர்கள் என்று நான் சண்டை பிடித்ததும் அங்கேதான். "ஊரு என்ன பேரும் வெக்கட்டும். காணி உறுதியில ஒண்ட பேருதான் இரிக்கி" என்றீர்கள். கூரை ஏறியதைக் கண்டீர்கள். சுவருக்குப் பூச்சு வருவதற்கு முன்பே, முன் அறையில், ஒரு சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கண்ணை மூடினீர்கள். உங்கள் ஜனாஸாவை அந்தப் பெரிய கதவால்தான் கொண்டுபோனார்கள். எங்கும் தட்டவில்லை.

போன கிழமை ஒரு சம்பந்தம் பேச வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கதவைத் தட்டிப் பார்த்து மெச்சினார்கள். மாப்பிள்ளையின் தாய் மேலே பார்த்து, மாடி எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டார். இப்போது ரேட் நல்லா இருக்கிறது, ரெண்டு வருஷம் வெளிநாட்டுக்குப் போய் வந்தால் கட்டிவிடலாமே என்றார். யாரைப் போகச் சொல்கிறீர்கள், உங்கள் மகனையா என்று கேட்டேன். தேத்தண்ணி ஆறுவதற்கு முன்பே எழும்பிவிட்டார்கள். மாமா என்னை ஏசவில்லை. கோப்பைகளைத் தானே எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

நான் இப்போது வர்த்தகம் படிப்பிக்கிறேன், உம்மா. காசு விழுந்தால் ஏற்றுமதிக்கு நன்மை என்று பாடத்தில் ஒரு வரி இருக்கிறது. இந்த வாரம் அதைப் படிப்பித்தேன். நாம் என்ன ஏற்றுமதி செய்கிறோம் என்று கேட்டேன். தேயிலை, இறப்பர், உடுப்பு என்று வரிசையாகச் சொன்னார்கள். நடு வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, தலையைக் கூடத் தூக்காமல், "எங்கட உம்மாவ, டீச்சர்" என்றாள். நான் உங்கள் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன், நீங்கள் கேட்டபடியே: இங்க கழுவுற கோப்பைக்கு அங்க வெல கொறயுதா? பாடம் முழுக்க அதற்கு விடை தேடினோம். யார் குறைத்தார்கள், எதற்காகக் குறைத்தார்கள், அந்த இழப்பை யார் தலையில் கட்டினார்கள் என்று. இந்தப் பிள்ளைகள் வாக்குப் போடும் வயதுக்கு வருவார்கள். மேடையில் நிற்கிறவரிடம் அவர்கள் இதைக் கேட்பார்கள். கேட்கிற மாதிரித்தான் நான் படிப்பிக்கிறேன்.

ஓடாவியார் கூப்பிடுகிறார். கதவை மாட்டிவிட்டாராம். நானே போய் இழுத்துப் பார்த்தேன். உரசவில்லை. சீவியதில் கதவு ஒரு விரல் அளவு குட்டையாகியிருக்கும். குறைத்தது மந்திரி இல்லை உம்மா, நான் சொல்லித்தான் சீவினார்.

உள்ளே வந்து சாத்தினேன். கனமாக, ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டது.