பாவாயி பங்குத் தண்ணீர்

5-4-1983, செவ்வாய்

இன்று ஒருவரும் படமெடுக்க வரவில்லை. இருட்டறையைப் பெருக்கினேன். படம் கழுவும் மரத்தொட்டி உலர்ந்து வெடித்துக் கிடக்கிறது.

அதை அடித்துப் பொருத்திய 1974 கண்முன் வந்தது. என் நிழற்பட நிலையத்தின் பின்னே ஊற்று வழிந்தோடிய காலம். மூங்கிலை வகிர்ந்து நீரைத் தொட்டிக்குத் திருப்பியிருந்தோம். படங்கள் உதிர்ந்த இலைகளைப் போல் அதில் சுழலும். மணமான புதிது. தேவகுமாரி படங்களைப் புரட்டியவாறே கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுப்பாள்; நான் மறுநாள் மேடைக்கான உரையை முழங்கிப் பார்ப்பேன். ஒருவர் ஓசையை ஒருவர் பொறுத்துக்கொண்ட இனிய நாள்கள்!

கடை திறந்த அன்றே வேலிக்கு அப்பால் குடத்தோடு வந்து நின்றவள் பாவாயி. ஊற்றுக்குக் கீழே அவள் வீடு.

"ஏனுங்க போட்டாக்காரரே, அந்த நாத்தம் புடிச்ச தண்ணிய எங்க ஊத்தப்போறீங்க? கீழ நாங்க குடிக்கறமுங்க."

"போட்டா அன்று அம்மா, நிழற்படம்."

"எதாச்சும் இருக்கட்டுமுங்க. எங்க ஊத்துவீங்க?"

அன்று பிறந்தது என் தொழில் ஒழுங்கு. படத்தை நிலைநிறுத்தும் மருந்துநீரை, ஊரார் சொல்லும் ஹைப்போவை, ஒரு சொட்டும் ஓடையில் விட்டதில்லை. சாடியில் சேர்த்து, சேலத்தில் அதிலிருந்து வெள்ளி பிரித்தெடுப்பவரிடம் கொண்டுபோவேன். கழுவுநீருக்கு ஊற்றை எட்டாத மறுசரிவில் குழி. மடியில் சாடியோடு பேருந்தில் அமர்ந்தால் நடத்துநர் கேட்பார்: "என்னங்க, ஊறுகாயா?"

10-4-1983, ஞாயிறு

கடைவீதியில் கூட்டம். ஊற்றில் நீர் நூலாய் வடிகிறது. வீட்டுக்கு ஒரு குடம் என்று பெண்களே முறை வைத்திருக்கிறார்கள். விடுதிக்காரர் இருவர் அங்கே நீரை உறிஞ்ச உந்துபொறி வைக்கப் பார்க்கிறார்கள். பேசினேன். பேசினேனா, எரிந்தேனா?

"குடிக்கும் நீரைக் குளியலறைக்கு இழுக்காதீர்! இதோ, நானே தொடங்குகிறேன்: மழை வந்து ஊற்று பெருகும்வரை என் நிலையத்திற்கு ஒரு குடமும் எடேன்!"

கைதட்டல் ஏரிவரை கேட்டிருக்கும்.

வீட்டில் தேவகுமாரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "கை தட்டுனவங்க வந்து போட்டாவக் கழுவித் தருவாங்களாங்க?"

11-4-1983

அவள் கேட்டதில் பிழையில்லை. கழுவாத தாளில் மருந்து எஞ்சும். சில ஆண்டுகளில் முகமெல்லாம் பழுத்து மங்கும். அப்படியொரு படத்தை யாருக்கும் தரமாட்டேன். கழுவ நீரும் எடேன். ஆகவே, கோடைப் பயணிகள் மலையேறும் காலத்தில் கடையை மூடிவிட்டேன். விடுதிக்காரர்கள் பொறியை இன்னும் இறக்கவில்லை. நான் வழுக்கும் நாளுக்குக் காத்திருக்கிறார்கள்.

16-4-1983, சனி

பாவாயியின் கணவர் சின்னன் இறந்தார். காப்பித் தோட்டத்தில் நிழல்மரத்தின் கிளை கழிக்க ஏறியவர், தவறி விழுந்துவிட்டார். போன மாதந்தான் மகள் கண்ணம்மாளின் திருமணத்தில், பந்தற்காலைப் பிடித்தபடி என் கருவியைப் பார்த்துச் சிரித்தார்.

18-4-1983

பாவாயி வந்தாள். அந்தத் திருமணச் சுருளை அப்போதே மருந்தில் துலக்கி வைத்துவிட்டேன். தாளில் இன்னும் எடுக்கவில்லை.

"அவரு மொகம் வேற எதுலயும் இல்லீங்க."

மழை வரட்டும், முதல் படம் உனக்குத்தான் என்றேன்.

"மழ வர்றதுக்குள்ள மொகம் மறந்துபோயிருமுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

என்னய்யா சூளுரை இது! யாருக்காகச் சொன்னேன்? இவங்க குடிக்கத்தானே? அவளையே வெறுங்கையோட அனுப்பிட்டேனே! யாருக்கும் தெரியாம ஒரு குடம் எடுத்தா என்ன? எடுத்தால், நாளையே பொறி இறங்கும். பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருக்கத்தான் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லையே.

20-4-1983, புதன்

விடிந்ததும் பாவாயி. தலையில் நிறைகுடம். பின்னால் கண்ணம்மாள்.

"இது எம்பங்குத் தண்ணிங்க. படத்தக் கழுவுங்க."

"நிலையத்திற்கு எடுக்க மாட்டேன் என்று ஊரறியச் சொல்லியிருக்கிறேனே, அம்மா."

"உங்க கடைக்கு ஆருங்க குடுத்தா? எங்கூட்டுக்காரருக்குங்க." குடத்தை இறக்கினாள். "அன்னிக்கு அரைக்கொடத்துலதானுங்க அவரக் குளிப்பாட்டி அனுப்பிச்சோம்."

மேடையில் எவருக்கும் மறுமொழி சொல்லியிருக்கிறேன். இதற்கு இருட்டறைக் கதவைத் திறந்தேன்.

"இன்னிக்குக் குடிக்க என்ன பண்ணுவீங்க?" என்று தேவகுமாரிதான் கேட்டாள்.

"மஞ்சக்குட்டையில எங்க மாமியார் ஊட்டுலிருந்து ஒரு தூக்குப்போசி கொண்டாந்திருக்கறனுங்க அக்கா," என்றாள் கண்ணம்மாள்.

திருமணப் படத்திலிருந்து சின்னனை மட்டும் பெரிதாக்கி எடுத்தேன். படம் கிடந்த தட்டை வெளியே வைத்ததும் பாவாயி என்னை விலக்கிவிட்டு, தானே சிறுகச் சிறுக ஊற்றினாள். நெற்றியில் ஊற்றினாள், தோளில் ஊற்றினாள். ஈரத்தாளில் விரல் படக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்வேன், இன்று சொல்லவில்லை. ஒவ்வொரு தட்டு நீரையும் மாற்றும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"இத எங்க ஊத்தறதுங்க?"

மறுசரிவைக் காட்டினேன். ஒரு துளி சிந்தாமல் குழிவரை அவளே சுமந்தாள்.

8-5-1983

மழை.

12-8-1995, சனி

வண்ணச் சுருள்கள் இப்போது சேலத்தில் படம் கழுவும் பொறிக்குப் போய்விடுகின்றன. இருட்டறையில் பெரும்பாலும் நானும் பழைய படங்களும்தான். பின்னால் ஊற்று ஓடும் ஓசை கேட்கிறது. அதன் கரையில் இன்றுவரை எந்த உந்துபொறியும் இறங்கவில்லை. விடுதிகளுக்குச் சரக்குந்தில் நீர் வருகிறது.

பிற்பகலில் கண்ணம்மாள் வந்தாள். காதோரம் நரை. மகள் வீட்டோடு போயிருந்த பாவாயி போன வாரம் அங்கேயே இறந்துவிட்டாளாம். எனக்குச் சொல்லியனுப்ப ஆளில்லையாம்.

"அப்பா பக்கத்துல அம்மாவையும் மாட்டோணுமுங்க. அளவுக்கு இதக் கொண்டாந்தேன்."

துணியைப் பிரித்தாள். சின்னன் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படம் கொஞ்சமும் பழுக்கவில்லை.

திருமணச் சுருளைத் தேடி எடுத்தேன். அதே படத்தின் மறுகோடியில் பாவாயி நிற்கிறாள். என் கருவியைப் பார்க்கவில்லை. கணவர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பெரிதாக்கித் தாளில் எடுத்துவிட்டு, குடத்தைத் தேடினேன்.

"குழாய்ல தண்ணி வருதுங்களே," என்றாள் தேவகுமாரி.

"வருகிறது," என்று சொல்லிவிட்டு ஊற்றுக்கு இறங்கினேன். தலையில் வைக்கத் தெரியாமல் தோளில் ஏற்றி, சட்டை நனைய மேடேறி வந்தேன். அதற்குள் தட்டை வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

நான் ஊற்ற, அவள் படத்தைப் புரட்டினாள். புரட்டியவாறே அந்தப் பழைய பாட்டை முணுமுணுத்தாள். நான் முழங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு மறுசரிவுக்கு நடந்தேன்.