முழங்காலால் மூடும் கதவு

இயேசு மரி சூசை

விடத்தல்தீவு
14.07.2013

அன்புள்ள மகள் ஜெயகௌரிக்கு,

அம்மா எழுதுகிறேன். மடு மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இருமலும் அவரோடு சேர்ந்து சுகமாக இருக்கிறது. நீயும் மருமகனும் பிள்ளைகளும் நோர்வேயில் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் கேட்கிறேன். கிழமைக்கு இரண்டு தரம் போனில் கதைக்கிற மனுசி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் இதைத் தொடங்கினால் பாதியிலேயே விடுங்கோ அம்மா என்பாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே கதைக்க ஏலாது, ஆகவே கடைசி வரிவரை வாசித்துவிட்டுப் பிறகு என்னை ஏசு.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரைதான் மிச்சம், அதுவரைக்கும் தகரக் கொட்டில்தான். தொண்ணூறில் படகேறி இந்தியாவுக்குப் போனபோது விட்டுப்போன வீட்டில், முகாமிலிருந்து திரும்பி வந்து பார்க்க அத்திவாரமும் குசினிச் சுவரில் ஒரு பக்கமும்தானே நின்றது. ஓடு, வளை, கதவு, யன்னல் எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை, இனி ஏன் அந்த ஊரில் இருக்கிறீர்கள், என்னிடம் வாங்கோ என்று நீ போனில் அழுதாய். ஒன்று மிஞ்சியிருக்கிறது பிள்ளை, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மன்னார் போகிற வழியில் கப்பித்தான் தோட்டம் உனக்கு நினைவிருக்கும், தென்னைகளுக்கு நடுவே பெரிய பங்களா, அந்தக் கேட்டுக்கு உள்ளே நாங்கள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. சண்டைக் காலத்தில் யார் யாரோ இருந்த இடம். இப்போது தோட்டத்தைப் பூங்காவாக்கி, பங்களாவைக் கலை மண்டபமாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஊஞ்சல், நடைபாதை, இருக்கிறதுக்குச் சீமெந்து வாங்கு என்று வடிவாகத்தான் இருக்கிறது, வஞ்சகமில்லாமல் சொல்கிறேன். போன மாதக் கடைசி ஞாயிறு, பக்கத்து வீட்டு லூசியாவின் மகள் அங்கே ஆடுகிறாள் என்று பூசை முடிந்த கையோடு போனோம். அப்பா வரவில்லை, கிழிந்த வலை பொத்த இருந்தது. ஆட்டம் நடக்கிறபோது சோளகக் காற்றுக்கு மண்டபத்துக் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டேயிருந்தது. பொறுப்பாக இருக்கிற யோகராசா என்ற தம்பி இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், கடைசியில் ஒரு கதிரையை முட்டுக்கொடுத்தார், கதிரையும் விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய்க் கைபிடியைத் தூக்கி, வலது முழங்காலால் கீழே ஒரு தள்ளு தள்ளினேன், சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. இருபத்துமூன்று வருடமாக நான் ஒரு கதவையும் அப்படி மூடவில்லை.

குனிந்து கீழ்மூலையைத் தடவினேன். கறையான் அரித்த இடத்தில் அப்பா பிஸ்கட் தகரம் வெட்டி அடித்தாரே, மேலே பொலிஷ் பூசியிருந்தாலும் ஆறு ஆணியும் விரலில் தட்டுப்பட்டன. எங்கள் முதிரை மரக் கதவேதான், நிலையோடு பெயர்த்துக் கொண்டுபோயிருக்கிறார்கள், தூக்கித் தள்ளினால்தான் மூட விடுகிற அந்தக் கோணல் பிணைச்சலும் அப்படியே இருக்கிறது. முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது, கோபம்தான் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பலகை, ஒல்லாந்தர் காலத்துக் கதவு, இருநூறு வருடம் பழமை என்று எழுதியிருக்கிறது. நான் கலியாணம் முடித்து வந்த வருடம் செய்த கதவு, அதைச் செய்வித்த உன் அப்பாவை ஒல்லாந்தராக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் இருமி இருமிச் சிரித்தார், பிறகு விட்டுத்தள்ளு, கதவுதானே என்றார்.

நான் விடவில்லை. அடுத்தநாள் காலையே பஸ் ஏறிப் போய் யோகராசாவைப் பிடித்தேன். நல்ல தம்பி, இருத்தி வைத்துத்தான் கதைத்தார். அவர்கள் பொறுப்பெடுக்கும்போதே கதவு அங்கே நின்றதாம், பங்களா பழசு என்றபடியால் கதவும் பழசு என்று நினைத்துவிட்டார்களாம். முழங்காலைச் சாட்சிக்கு எடுக்க ஏலாது அம்மா, எழுத்திலோ படத்திலோ ஒரு அத்தாட்சி கொண்டுவாங்கோ, ஓகஸ்ட் இருபதாம் திகதிக் கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். இல்லாவிட்டால் பலகையில் உங்கள் பெயரைப் போட்டுவிடுகிறோம், கதவு இங்கேயே நிற்கட்டும் என்றும் கேட்டுப் பார்த்தார். பெயரைச் சாத்திக்கொண்டு படுக்க ஏலாது தம்பி, எனக்குக் கதவு வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அத்தாட்சி உன் அலுமாரியில் இருக்கிறது மகள். நீ கோயிலில் முதல் நன்மை வாங்கிவிட்டு வந்து வீட்டு வாசலில் நின்று எடுத்த படம். பல் விழுந்த வாயோடு நிற்கிறாய் என்று ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாயே, அதுதான். உனக்குப் பின்னால் நிற்பது அந்தக் கதவு, தகரம் அடித்த மூலை உன் சப்பாத்துக்குப் பக்கத்திலேயே தெரியும். படத்தின் முதுகில் ஸ்டூடியோ முத்திரையும் திகதியும் இருக்கிறபடியால் போனில் அனுப்பிப் பிரயோசனமில்லை, படமே வரவேண்டும். கூட்டத்தில் என்ன சொல்வார்களோ என்று நான் காத்துக்கொண்டிருக்கவும் இல்லை. அன்றைக்கே நிலையின் உயரத்தையும் அகலத்தையும் வலைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்துகொண்டு வந்து, மேசன் ஆதம்பாவாவிடம் கொடுத்து, வாசலை இந்த அளவுக்கு விடுங்கோ என்றேன். திட்டத்தில் இந்த அளவு இல்லையே என்று தலையைச் சொறிந்தார், ஆனாலும் கட்டித் தந்துவிட்டார். இனி வேறு கதவு அதற்குப் பொருந்தாது.

கதவுதானே என்ற உன் அப்பா நேற்றுப் பின்னேரம் கொட்டிலுக்குப் பின்னால் இருந்து புதுப் பிணைச்சல் இரண்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்ன இது என்று கேட்டேன். முந்தி நான் கோணலாகப் போட்டுவிட்டன், இந்த முறை நேராகப் போட்டுத் தாறன் என்றார். இவ்வளவு காலமும் பழியைத் தச்சன்மேல் போட்டுக்கொண்டிருந்த மனுசன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கையை வையாதேங்கோ, கோணலாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நீ வந்து மூடிப் பார், உன் முழங்காலுக்கும் மறந்திருக்காது.

மாதா உன்னையும் உன் வீட்டையும் காத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம். படத்தை இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, பதிவுத் தபாலில், நாளைக்கே போடு.

உன் அம்மா,
மேரி ரோஸ்